ஆறுபடி ஏணியில் ஐகோர்ட்துரை

கீழவெள்ளாங்கோட்டையில் மூளைக்கு எப்போதுமே தட்டுப்பாடுதான். இருந்த கொஞ்சத்தையும் இலஞ்சியம் எடுத்துக்கொண்டதால், அவளுடைய ஏணிப் பட்டறையில் வேலை பார்த்த நாலு பேருக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் நாலு பேரும் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல இடம் கிடைக்காது.

மாசானமுத்து மூத்தவன், எதையும் நன்றாக யோசித்துத்தான் தப்பாகச் செய்வான். வண்டிமலைக்கு வயிறு பெரிசு. பேச்சிமுத்து வாயைத் திறப்பது கொட்டாவிக்கு மட்டும். ஒல்லிக்குச்சி ஐகோர்ட்துரைக்கு உயரம் என்றால் பயம். ஏணி கட்டுகிறவனுக்கு இப்படி ஒரு பயமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "கட்டுதது கீழ உக்காந்துதானே அண்ணாச்சி" என்றான்.

ஒருமுறை இலஞ்சியம், "நான் வார வரைக்கும் இந்த மூங்கிலப் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். போன இடத்தில் அக்காள் மகளுக்கு வலி கண்டுவிட்டது என்று தகவல் வர, அப்படியே தென்காசிக்கு பஸ் ஏறிவிட்டாள். மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தால் நாலு பேரும் மூங்கிலைப் பிடித்தபடி நிற்கிறார்கள். "பிள்ள ஆணா பொண்ணா அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை எடுத்தார்கள்.

இவர்களைப் பதினாறு வருஷமாக அவள் கத்திக் கத்தியேதான் வேலை வாங்கினாள். அவள் கத்தினால் அடுத்த தெருவில் பால் கறக்கிற மாடு உதைக்கும்.

அந்த வாரம் பெரிய வேலை ஒன்று கையில் இருந்தது. சிவன் கோயில் பிரகாரத்துத் தூண்களுக்கு வெள்ளையடிக்க ஆறுபடி ஏணி இருபத்து நாலு கேட்டிருந்தார் தர்மகர்த்தா கோமதிநாயகம். "வியாழக்கிழமை மத்தியானம் எண்ணுவேன். ஒண்ணு குறைஞ்சாலும் மொத்தத்துக்கும் அலுமினிய ஏணி வாங்கிருவேன்" என்று சொல்லியிருந்தார். கோயிலுக்குள் அலுமினியம் நுழைந்துவிட்டால் அப்புறம் ஊரில் மூங்கில் ஏணியை எவன் திரும்பிப் பார்ப்பான்? பட்டறையை மூட வேண்டியதுதான். பதினாலு ஏணி தயார். மீதிப் பத்துக்கு மூன்று நாள் தாராளம்.

தாராளமாகத்தான் இருந்திருக்கும், அந்த ஞாயிற்றுக்கிழமை இலஞ்சியம் திருநெல்வேலியில் சிறுதொழில் பயிற்சிக்குப் போகாமல் இருந்திருந்தால்.

அங்கே கண்ணாடி போட்ட ஒரு தம்பி பாடம் நடத்தினார். மனிதனை மிரட்டி வேலை வாங்குவது பழைய காலம், அவன் தேவைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றினால் ஆர்வம் உள்ளுக்குள்ளிருந்தே ஊறி வரும் என்றார். கோபம் வந்தால் பத்து வரை எண்ணுங்கள் என்றும் சொன்னார். இலஞ்சியத்துக்கு அந்த நாலு முகமும் கண்முன் வந்தது. பதினாறு வருஷக் கத்தலை நினைத்து, திரும்பும்போது பஸ்ஸிலேயே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனிமேல் கத்துவதில்லை என்று அப்போதே முடிவு செய்தாள்.

திங்கட்கிழமை காலையில் பட்டறைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஐந்து படி வரைந்தாள். முதல் படி, சோறும் உறக்கமும். இரண்டு, பயமில்லாமை. மூன்று, அன்பு. நாலு, மதிப்பு. ஐந்து, தன்னை உணர்ந்து நிறைவது.

"ஒரு படி நிறைஞ்சாத்தான் அடுத்த படிக்கு ஏற முடியும். அஞ்சும் நிறைஞ்சிட்டா வேலை தானா நடக்கும்" என்று தேன்குரலில் சொன்னாள்.

அந்தக் குரலைக் கேட்டு நாலு பேருக்கும் குலை நடுங்கியது. அவள் அந்தப் பக்கம் போனதும் கூடிப் பேசினார்கள்.

"அக்கா எழுதிப் போட்டது ஏணிதானே வே?" என்றான் மாசானமுத்து.

"சந்தேகம் என்ன? படி இருக்குல்லா" என்றான் வண்டிமலை.

"அப்போ ஏறிருவோம். ஆனா ஒரு ஏணில ஒரு ஆள்தான் ஏறணும். அது தொழில் முறை."

ஒல்லியாக இருப்பவன் ஏறினால் ஏணிக்கும் சிரமமில்லை என்று ஐகோர்ட்துரையைத் தேர்ந்தெடுத்தார்கள். தயாராக இருந்த பதினாலில் ஒன்றை எடுத்துச் சுவரில் சார்த்தி, கீழிருந்து ஐந்து படியிலும் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார்கள். ஆறாவது படியில் ஒன்றும் எழுதவில்லை. ஏணியின் உச்சிப் படியில் கால் வைக்கக்கூடாது என்பதும் தொழில் முறைதான்.

ஒருவன் ஏணியில் நின்றால் அடியைப் பிடிக்க ஆள் வேண்டும். மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். ஆக, பட்டறையில் வேலை செய்ய ஆள் யாரும் மிச்சமில்லை.

முதல் படியில் நிற்கவைத்து ஐகோர்ட்துரைக்குச் சோறு ஊட்டினார்கள். "நிறைஞ்சிட்டா?" என்று கேட்பான் மாசானமுத்து. "இன்னும் இல்ல" என்பான் இவன். நாலு வீட்டுச் சோறும் காலியான பிறகுதான் ஏப்பம் வந்தது. உறக்கமும் அதே படியில்தான் எழுதியிருந்ததால், சாயங்காலம் அவனை ஏணியோடு சேர்த்துக் கட்டிவிட்டு மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

இலஞ்சியம் எட்டிப் பார்த்தாள். ஒரு ஏணிகூடக் கட்டவில்லை. பத்து வரை எண்ணினாள். போதாமல் நூறு வரை எண்ணினாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது படி.

"ஒமக்கு என்ன பயம், சொல்லும்" என்றான் மாசானமுத்து.

"உயரந்தான்" என்றான் ஐகோர்ட்துரை.

"அதுக்குப் பயந்தா மேல எப்படி ஏறுவீரு?"

"ஏறுனாத்தானே பயம் வருது."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதில் ஏதோ சிக்கல் இருக்கிறது என்று மூவருக்கும் பட்டது, என்ன சிக்கல் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. மத்தியானத்துக்கு மேல் வண்டிமலைக்கு வழி தோன்றியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து ஐகோர்ட்துரையின் கண்ணை இறுக்கிக் கட்டினான். உயரம் தெரியவில்லை, பயம் போய்விட்டது. அவனைத் தடவித் தடவி மூன்றாவது படியில் ஏற்றினார்கள்.

அங்கே அன்பு. மூன்று பேருக்கும் அவன் முழங்கால்தான் எட்டியது. முறை வைத்து முழங்காலைக் கட்டிக்கொண்டார்கள். பேச்சிமுத்து பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகக் கொட்டாவிக்கு இல்லாமல் வாயைத் திறந்து, "ஐகோர்ட்டு, போன தீவாளிக்கு ஒன் அதிரசத்த எடுத்தது நான்தாம்ல" என்று அழுதான். படி ததும்ப நிறைந்துவிட்டது. இலஞ்சியம் அன்று நாலாயிரம் வரை எண்ணியிருந்தாள்.

புதன்கிழமை நாலாவது படி. மாலை ஒன்று வாங்கிவந்து போட்டார்கள். ஆனால் பாராட்ட வேண்டுமே? எதைச் சொல்லிப் பாராட்டுவது என்று தெரியவில்லை. கடைசியில் மாசானமுத்து இலஞ்சியத்திடமே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா, ஒரு நல்ல வார்த்த சொன்னியன்னா நாலாவது படியும் முடிஞ்சிரும்."

அவள் சுவர் ஓரம் பார்த்தாள். பத்து ஏணிக்கான மூங்கிலும் கை படாமல் கிடந்தது. நாளை மத்தியானம் கோயிலில் எண்ணப்போகிறார்கள். மூன்று நாளாக அடக்கி வைத்த தொண்டை திறந்துவிட்டது.

"நல்ல வார்த்தயா கேக்குதிய? ஏல வண்டிமலை, நீ போட்ட முடிச்ச ஆன இழுத்தாலும் அவுக்க முடியாது, அந்தக் கையால ஏணிக்காலப் பிடிச்சிட்டு நிக்கியே! மாசானம், மூங்கிலத் தட்டிப் பாத்தே அதுக்கு வயசு சொல்லுவ, இன்னைக்கு என்ன கெழமன்னு ஒனக்குத் தெரியல! பேச்சிமுத்து, பதினாறு வருசத்துல ஒரு நாள் லீவு போடாத பய, நீயுமால இதுக்குத் தொண! ஐகோர்ட்டு, ஒன்ன மாதிரி படி சீவ இந்த ஜில்லாவுல ஆள் உண்டா? எறங்குல கீழ!"

அடுத்த தெருவில் மாடு உதைத்தது.

நாலு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. "நிறைஞ்சிட்டு அக்கா" என்று துண்டுக்குள்ளிருந்து சொல்லிவிட்டு, ஐகோர்ட்துரை ஐந்தாவது படிக்கு ஏறினான். மற்ற மூவரும் ஏணியைப் பிடித்தபடி மூங்கில் குவியலையே கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அங்க என்னல பாக்கிய?" என்றாள் இலஞ்சியம்.

"வேலை தானா நடக்கும்னு சொன்னியளே அக்கா. அதான் எப்போ ஆரம்பிக்கும்னு..."

"லேசா அசஞ்ச மாதிரி இருந்துது" என்றான் வண்டிமலை.

"அது காத்து வே" என்றான் மாசானமுத்து.

அதற்குப் பிறகு அவள் என்ன பேசினாள் என்பதை எழுதினால் இந்தக் கதையைக் குழந்தைகளுக்குக் கொடுக்க முடியாது. கையில் ஒரு மூங்கில் பிளாச்சை எடுத்துக்கொண்டாள் என்பது வரை சொல்லலாம். பேச்சு முடிந்ததும் அவளும் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பழைய குரல் திரும்பி வந்த சந்தோஷத்தில் மூவரும் ஐகோர்ட்துரையை மறுபடி ஏணியோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் பறந்து பறந்து வேலை செய்தார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் ஆறு ஏணி, மறுநாள் காலையில் நாலு. டிராக்டர் வந்து நின்றது. இருபத்து மூன்று ஏணி ஏறியாயிற்று. இருபத்து நாலாவதில் ஐகோர்ட்துரை நின்றுகொண்டிருந்தான்.

இறங்கச் சொல்லிக் கயிற்றையும் கண்கட்டையும் அவிழ்த்தார்கள். தரைக்கும் அவன் காலுக்கும் நாலே முக்கால் அடி. அதைப் பார்த்து அவன் போட்ட அலறலில் உடனே கண்ணை மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. இலஞ்சியம் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவன் குரங்குக்குட்டி மாதிரி ஏணியைக் கட்டிக்கொண்டான்.

மாசானமுத்து சுவரில் எழுதியிருந்ததை மேலிருந்து கீழ் வரை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"அக்கா, ஏறுததுக்குத்தான் எழுதிப் போட்டிருக்கிய. எறங்குததுக்கு ஒரு எழுத்து இல்லையே."

நேரம் போய்க்கொண்டிருந்தது. ஏணியை ஆளோடு டிராக்டரில் நிமிர்த்தி வைத்து, மூவரும் அடியைப் பிடித்துக்கொண்டார்கள். கழுத்தில் மாலை, கண்ணில் கட்டு, உயரத்தில் ஆள். ரதவீதியில் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

கோமதிநாயகம் கும்பிடவில்லை. எண்ணினார்.

"இருபத்து மூணு இருக்கு. இன்னொண்ணுல ஆள் நிக்கான். ஆள் நிக்கிற ஏணிய நான் எண்ண முடியாதும்மா. சாயங்காலம் நட சாத்துததுக்குள்ள ஒண்ணு வரலேன்னா அலுமினியந்தான்."

இலஞ்சியத்துக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. ஒரே ஒரு ஏணி. மூன்று பேர் கூடினால் ஒரு மணி நேர வேலை. "வாங்கல போவோம், ஒரு ஏணிதானே!" என்று திரும்பினாள்.

மூவரும் அசையவில்லை. மாசானமுத்து தொண்டையைச் செருமினான்.

"கெட்டிரலாம் அக்கா. ஆனா ஐகோர்ட்டுக்குத்தான் அஞ்சும் நிறைஞ்சிருக்கு. எங்க மூணு பேருக்கும் இனிமத்தான் மொதப் படியே."

இலஞ்சியம் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தூணில் சார்த்தியிருந்த புது ஏணி ஒன்றில் விறுவிறுவென்று ஏறி, ஐந்தாவது படியில் போய் நின்று, அங்கிருந்து கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மூவரும் ஐகோர்ட்துரையை ஏணியோடு ஒரு தூணில் சார்த்திவிட்டு, பதறி ஓடிப்போய் அவள் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டார்கள். இருபத்து மூன்று இருபத்திரண்டாகிவிட்டதை அவர்கள் யாரும் கவனிக்கவில்லை. மாசானமுத்து மட்டும் கவலையோடு அண்ணாந்து பார்த்தான்.

"இப்படித் திடுதிப்புன்னு அஞ்சாவது படிக்கு ஏறிட்டியளே, அக்கா" என்றான். "மொதல்ல சாப்பிட்டியளா?"