வீரணன் ஜீப்பின் சிவப்பு விளக்கு

“பிரேக் அடிச்சது நான். வந்து இடிச்சது அவன். தப்பு யார் பேர்ல? நீயே சொல்லு தாயி” என்றார் வீரணன்.

ரெஜினா தலையைத் தூக்கவில்லை. ஒரு ஆட்டோவின் ஹாரனைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“விளக்கு எரிஞ்சுச்சாண்ணே?”

“எந்த விளக்கு?”

“பின்னாடி. பிரேக் லைட்டு.”

“எரிஞ்சிருக்கும்.”

“பாத்தீங்களா?”

“ஓட்டுறவன் எப்படிப் பாப்பான்?”

அவள் மறுபடி ஹாரனைக் குடைய ஆரம்பித்துவிட்டாள்.

போடியில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவள் ரெஜினா. முப்பத்தொரு வயது. எதைக் கேட்டாலும் திருப்பி ஒரு கேள்வி கேட்பாள். அதனால் மலைக்கு ஓட்டும் டிரைவர்கள் அவளை வாத்தியாரம்மா என்றே கூப்பிட்டார்கள்.

வீரணனுக்கு ஐம்பத்தெட்டு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் பழைய ஜீப் அவருடையது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. முப்பத்திரண்டு வருஷமாக வேறு யாரையும் அதில் ஸ்டியரிங் பிடிக்க விட்டதில்லை.

போன வியாழக்கிழமை காலை மலையில் மேகம் இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வளைவில் ஒரு காட்டுமாடு குறுக்கே வந்தது. வீரணன் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த ஜீப் மோதியது.

அதை ஓட்டி வந்தவன் கருத்தமாயன். வீரணனின் மனைவிக்குத் தம்பி. அவனுக்குக் கால் எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில், பத்துப் பேர் பார்க்க, வீரணன் கத்தினார்: “கண்ணை எங்க வச்சுக்கிட்டு ஓட்டுன?”

அன்றிலிருந்து அவர் மனைவி தனியாகவே தம்பி வீட்டுக்குப் போகிறாள். தனியாகவே திரும்பி வருகிறாள்.

“சரி, அது கெடக்கட்டும்” என்றார் வீரணன். “ரெண்டு லைட்டும் நொறுங்கிப்போச்சு. புதுசு வாங்கியாந்திருக்கேன். மாட்டிக் குடு.”

“நீங்களே மாட்டுங்க.” ஸ்பேனரை நீட்டினாள்.

அவர் மாட்டினார். வேர்த்துப்போனார்.

ரெஜினா எழுந்து வந்து டிரைவர் சீட்டில் ஏறினாள். வீரணன் தடுக்கக் கையைத் தூக்கினார்; பிறகு இறக்கிக்கொண்டார்.

“பின்னாடி போய் நில்லுங்க.”

போய் நின்றார். தன் ஜீப் பிரேக் பிடிக்கும்போது பின்னால் நிற்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

“மிதிச்சிட்டேன். தெரியுதா?”

குனிந்தார். லைட்டுக் கண்ணாடிக்கு மேல் கையைக் குடை மாதிரி வைத்துப் பார்த்தார். உள்ளே கம்பி மட்டும், அணையப்போகும் பீடி மாதிரி, லேசாகச் சிவந்திருந்தது.

“பல்பு புதுசும்மா!”

“ஆமா.”

“லைட்டே புதுசு!”

“ஆமாண்ணே.”

“பின்ன ஏன்?”

அவள் இறங்கி வந்தாள். ஒரு நீள ஒயரைக் கொடுத்தாள். “ஒரு முனையை பேட்டரி மைனஸ்ல சொருகுங்க. இன்னொண்ணை அந்த லைட்டோட தகரத்துல வைங்க.”

மறுபடி ஏறி மிதித்தாள். வீரணன் ஒயரை வைத்தார்.

பளீரென்று எரிந்தது. அவர் முகமே சிவந்தது.

எடுத்தார். மங்கியது. வைத்தார். எரிந்தது. எடுத்தார். வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே செய்துகொண்டிருந்தார்.

“இந்த ஒயர் என்ன பண்ணுது தாயி? கரண்டு கொண்டாருதா?”

“கரண்டு ஏற்கெனவே வந்துக்கிட்டுத்தான் இருக்கு.”

“அப்புறம்?”

“வந்த கரண்டு எங்கண்ணே போகும்?”

“எங்க போகும்? பல்புல எரிஞ்சு தீந்துபோகும்.”

“தீந்துபோகுமா?”

வீரணன் யோசித்தார். லைட்டைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். அது பேட்டரி வரைக்கும் போவதைப் பார்த்தார்.

“திரும்பிப் போகணுமா?”

அவள் தலையை ஆட்டினாள்.

“இத்தனை வருஷமா எதுல திரும்பிப் போச்சு? இந்த ஒயர் அப்ப இல்லையே.”

“வண்டித் தகரத்துலதான். லைட்டை முறுக்குன போல்ட் வழியா.”

அவர் போல்ட்டைக் கழற்றினார். அடியில் துரு இல்லை. பச்சைப் பெயிண்ட்தான் இருந்தது. நகத்தால் கீறினார். அதற்கடியில் நீலம். அதற்கும் அடியில் வேறொரு பச்சை. வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னால் லைட்டைக் கழற்றிவைத்து அவர் கையாலேயே அடித்த பெயிண்ட்.

“அழகா இருக்கட்டும்னு அடிச்சேன்” என்றார்.

“பெயிண்ட் வழியா கரண்டு போகுமாண்ணே?” என்று கேட்டு ரெஜினா உப்புத்தாளைக் கொடுத்தாள்.

அவர் தேய்த்தார். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு பலமாக. இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. தேய்த்துக்கொண்டிருந்த கை திடீரென்று நின்றது.

“அப்ப வியாழக்கிழமை...”

அவள் கடைக்குள் போய்விட்டாள்.

வெகுநேரம் கழித்து வீரணன் போல்ட்டுகளை முறுக்கினார். கடைக்குள் எட்டிப்பார்த்தார்.

“மாட்டிட்டேன் தாயி. கொஞ்சம் பின்னாடி வந்து நில்லு. எரியுதான்னு பாத்துச் சொல்லு.”

“நான் எதுக்குண்ணே? நானா உங்க பின்னாடி வண்டி ஓட்டிக்கிட்டு வர்றேன்?”

வீரணன் ஜீப்பை எடுத்தார்.

கருத்தமாயன் தன் வீட்டு வாசலில், கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தான். ஜீப்பைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வீரணன் வண்டியைத் திருப்பி, பின்பக்கம் அவனைப் பார்க்கும்படி நிறுத்தினார். இறங்கவில்லை. பிரேக்கை மிதித்தார்.

“மாயா, எரியுதா?”

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

“அன்னிக்கு எரியலைடா. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.”

தெருவில் ஒரு குடத்தோடு போன பெண் நின்று பார்த்தாள். வீரணன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. மிதித்து மிதித்துத் தொடை வலிக்க ஆரம்பித்தது. முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பின்னால் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது.

“எரியுது மச்சான்” என்றான் கருத்தமாயன். “காலை எடுத்துட்டு இறங்கி வாங்க.”