அடித்த விடை

"இந்த நோட்டை நீங்களே வச்சுக்கோங்க மேடம். எனக்குப் போதும்."

சொன்னவர் பூவராகன். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர், வயது நாற்பத்தாறு. அவர் நீட்டிய நோட்டு, அவர் மாணவராக இருந்தபோது சலோமி மேடம் கொடுத்தது. பாடநூலில் பிழை கண்டால் பக்க எண்ணோடு அதில் குறித்துவைக்க வேண்டும்.

இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு. வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் வருஷம் தவறாமல் பாடநூல் குழுவுக்குக் கடிதம் போட்டார். அவர்களும் வருஷம் தவறாமல் அட்டைப்படத்தை மாற்றினார்கள்.

மேடம் நோட்டை வாங்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார்.

விடைத்தாள் திருத்தப் போயிருந்தாராம். லிஃப்ட் கணக்கு வந்திருந்தது. லிஃப்ட் கீழே இறங்கத் தொடங்கும்போது உள்ளே நிற்பவருக்கு எடை குறைந்ததுபோல் இருக்கும். ஏறிப் பார்த்த எவருக்கும் வயிறே சொல்லிவிடும். பாடநூல் மட்டும் எடை கூடும் என்கிறது. சரியான விடை நானூறு நியூட்டன். பாடநூலிலும் விடைக்குறிப்பிலும் அறுநூறு.

கட்டுக் கட்டாக அறுநூறு. ஒரே ஒரு தாளில் நானூறு இருந்தது.

"கண்ணு கலங்கிடுச்சு மேடம். பதினாறு வருஷத்துல ஒருத்தனாவது எழுதினானேன்னு."

"அப்புறம்?"

"அவனே அதைக் கோடு போட்டு அடிச்சிருந்தான். கீழே அறுநூறுன்னு எழுதியிருந்தான். அடிச்சதுக்கு மார்க் கிடையாது. அறுநூறுக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டேன்."

அவருக்கு எல்லாமே வெறுத்துப்போயிருந்தது. நாற்காலியில் உட்காரக்கூட மனம் வரவில்லை.

"அடிக்கச் சொன்னது யாரு?" என்று மேடம் கேட்டார்.

எந்த ஊர்ப் பையனோ, தனக்கு எப்படித் தெரியும் என்றார் பூவராகன்.

"சரி. உன் வகுப்புல நீ என்ன சொல்றே?"

கரும்பலகையில் கணக்கைப் போட்டு நானூறு என்று காட்டுவாராம். பையன்கள் தலையாட்டுவார்களாம். மணி அடிப்பதற்கு முன்னால் ஒன்று சொல்வாராம்.

"என்ன சொல்லுவே?"

"பரீட்சையில அறுநூறுன்னே எழுதுங்க, இல்லேன்னா மார்க் போயிடும்னு."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் படிக்கும்போது நீங்க எனக்குச் சொன்னதுதான் மேடம்," என்றார் பூவராகன். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. களைத்துப்போன குரல்.

பிறகு மேடம் நோட்டை வாங்கினார். கடைசிப் பக்கத்துக்குப் போவார் என்று பூவராகன் நினைத்தார். மேடம் முதல் பக்கத்தைத் திறந்தார். ஒன்று என்ற எண்ணுக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே தன் பெயரை எழுதினார்.

பக்க எண் எழுத வேண்டிய இடத்தை வெறுமனே விட்டார்.

நோட்டையும் பேனாவையும் பூவராகனிடம் நீட்டினார்.

"இருநூத்திப் பதிமூணை நீ எழுது. அதுக்கும் பக்க எண் வேண்டாம்."