ஊர்வலக் காரின் பின் அச்சு

ராசிபுரம் பணக்காரர் தாண்டவமூர்த்தி தன் பழைய அமெரிக்கக் காரை டிரைவரோடு கொண்டுவந்து பாவாயியின் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினார்.

"பின் அச்சுக்குப் புது கியர் போடு. கொல்லிமலையும் ஏறணும், சேலம் ரோட்டில் பஸ்ஸையும் முந்தணும். முடியாட்டி என் இடத்தைக் காலி பண்ணு."

"ரெண்டுக்கும் ஒரே கியர் கிடையாதுங்க. மலை கியர்தான் போடுவேன். ரோட்டில் பறக்காது."

"அப்போ காலி பண்ணு!"

"பண்றேனுங்க. ஆனா இந்தக் கார் கல்யாண ஊர்வலத்தைத் தவிர வேற எங்கே போயிருக்கு? மெதுவா நகர முடியாம இன்ஜின் அணைஞ்சு போய், போன முகூர்த்தத்துல மாப்பிள்ளையே இறங்கித் தள்ளினாரு. மலை கியர் போட்டாத்தான் அணையாம ஊரும். வேகமாப் போய் யாரை முந்தப் போறீங்க, தவில்காரரையா?"

முதலில் சிரித்தது அவருடைய டிரைவர்தான்.

தாண்டவமூர்த்தி சாவியை நீட்டினார்.

"இடத்தை எப்போ காலி பண்ணட்டுங்க?"

"வெள்ளிக்கிழமை முகூர்த்தம். முதல்ல இதை மாட்டும்மா."