தையல்சிட்டு பெயர் சொல்லாமல் தைத்த கூடு

கையில் கத்தரி, மடியில் பனியன் கட்டு. பிசிறு வெட்டிக்கொண்டே மனசுக்குள் கட்டிய கதை இது. பாப்பா தூங்கி, அத்தை கூப்பிடாமல், கை ஓய்கிறபோது ரெண்டு ரெண்டு வரியாக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் வகுப்பில் டீச்சர் 'ரைஸ் இஸ் குக்டு', சோறு சமைக்கப்படுகிறது, என்று பலகையில் எழுதினார்கள். சமைக்கிறவள் எங்கே போனாள் என்று எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. எனக்கு மட்டும் அவள் எங்கே போயிருப்பாள் என்று ஒன்று தோன்றியது. அங்கே சொல்ல வாய் வரவில்லை.

அந்தக் காலத்தில், பறவைகள் நம்மைப் போலப் பேசிக்கொண்டு திரிந்தபோது, ஆலமரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. விடிந்ததும் ஒவ்வொரு பறவையும் கிளையில் நின்று தன் பெயர், இடம், வேலை மூன்றையும் சொல்ல வேண்டும். "நான் மரங்கொத்தி. பனைமரத்தில் பொந்து கொத்துகிறேன்." சொல்லாத பறவை அந்தக் காட்டில் ஒரு இலையைக்கூடத் தொடக் கூடாது. காகம்தான் அங்கே மேஸ்திரி.

செம்போத்துக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும். அலைய வேண்டியதே இல்லை. காலையில் காதைக் கொடுத்துக் கேட்டுவைத்துக்கொண்டு, மற்றவை முட்டை வைக்கிற நாளில் நேராகப் போய் அதைக் குடித்துவிட்டு வரும்.

தையல்சிட்டு கட்டைவிரல் அளவுதான். கூச்சமும் ஜாஸ்தி. ரெண்டு தரம் தன் பெயரையும் செடியையும் சொல்லிக் கூடு தைத்தது. ரெண்டு தரமும் முட்டை போயிற்று. மழை பிடிப்பதற்குள் இன்னும் ஒரே ஒரு தரம்தான் முட்டை இட முடியும்.

அந்தச் சமயத்தில்தான் மைனா திரும்பி வந்தது. துரை பங்களாவில் கூண்டில் இருந்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டு வந்த மைனா. சாயங்காலத்தில் பாடம் நடத்தியது.

"துரை வீட்டுல 'டீ இஸ் மேடு, ஃப்ளோர் இஸ் ஸ்வெப்ட்' அப்படிம்பாங்க. டீ போடப்படுது, தரை கூட்டப்படுது."

"யார் போடறது வாத்தியாரே?" என்றது காகம்.

"அதை அங்க யாரும் கேக்க மாட்டாங்க. வேலை நடந்தாப் போதும் அவங்களுக்கு."

"நல்ல ஊருதான். டீ தானா நடந்து வருமாக்கும்."

எல்லாப் பறவைகளும் சிரித்தன. கடைசி வரிசையில் இருந்த தையல்சிட்டு மட்டும் சிரிக்கவில்லை. கூட்டுகிறவளைப் பார்க்காமல் இருக்க ஒரு பேச்சு இருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் போய் ஒருத்தி ஒளிந்துகொள்ளவும் முடியும்தானே என்று நினைத்தது.

மறுநாள் விடிந்தது. தையல்சிட்டின் முறை வந்தது. செம்போத்து பக்கத்துக் கிளைக்கே வந்து உட்கார்ந்தது.

தையல்சிட்டு கிளை நுனிக்கு வந்தது. "இலை தைக்கப்படுகிறது" என்றது.

"யார் தைக்கிறது அம்மணி?" என்றது செம்போத்து.

"தைக்கப்படுதுங்கண்ணா."

"எந்தச் செடியில?"

"செடியிலதானுங்க."

"இது என்ன பேச்சு? மேஸ்திரி, பேரு சொல்லாதவளுக்கு இலை கிடையாது. வழக்கம்னா வழக்கம். அவளை இறங்கச் சொல்லு."

காகம் செம்போத்தை ஏற இறங்கப் பார்த்தது. போன மாதம் அதன் கூட்டிலும் முட்டை போயிருந்தது. தன் வாயாலேயே வேப்பமரம் என்று சொல்லிவிட்டு வந்தது அதற்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த முறை காகத்தினுடையது. அது தொண்டையைச் செருமிக்கொண்டது.

"சுள்ளி பொறுக்கப்படுகிறது" என்றது.

செம்போத்து திரும்பிப் பார்ப்பதற்குள் மரங்கொத்தி, "பொந்து கொத்தப்படுகிறது" என்றது. கொண்டைக்குருவி, "நார் கிழிக்கப்படுகிறது" என்றது. ஒரு பெயர் இல்லை, ஒரு மரம் இல்லை. ஆலமரம் பூராவும் வேலை மட்டும் கேட்டது.

செம்போத்து புதர் புதராகத் தேடியது. தையல்சிட்டு, செடியில் பச்சையாக இருந்த ரெண்டு இலையை அப்படியே சேர்த்துத் தைத்து உள்ளே இருந்தது. செம்போத்து அந்தச் செடியை மூன்று தரம் கடந்து போயிற்று. இலை என்று நினைத்துக்கொண்டது.

முட்டை பொரிந்தது. மூன்று குஞ்சும் சிறகு முளைத்துப் பறந்து போயின.

மைனா வந்து காலிக் கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "என்ன நேர்த்தி. இப்பவாவது சொல்லு புள்ள, இதை யார் தைச்சது?"

தையல்சிட்டு நாலு பக்கமும் பார்த்தது. பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு, தன் உடம்புக்குப் பத்து மடங்கு சத்தமாகச் சொன்னது.

அன்று முதல்தான், முட்டை இருக்கிற வரைக்கும் கூடு எது இலை எது என்று நமக்குத் தெரிவதே இல்லை. குஞ்சு பறந்துவிட்டால் கட்டைவிரல் அளவுக் குருவி, நான் தைச்சேன், நான் தைச்சேன் என்று தெருவே கேட்கும்படி... இருங்கள், அத்தை கூப்பிடுகிறார்கள், பாப்பா எழுந்துவிட்டாளாம், போய்த் தூக்கி...