தகர நண்டின் முதுகில் யார் பெயர்?

தீர்ப்புச் சொல்வதென்றால் நம் எல்லோருக்கும் வாய் முந்திக்கொள்ளும். இந்தக் கதையில் கொஞ்சம் அடக்கி வையுங்கள். யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் கை எங்கே இருந்தது என்பதையும் பார்த்துக்கொண்டே வாருங்கள். பிறகு நான் சொல்லவில்லை என்று என் மேல் பாயக் கூடாது.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. கடைசி வருடத்து மாணவர்கள் மூன்று பேர், செல்வின், பேச்சிமுத்து, நூரியா, சேர்ந்து ஒரு பொம்மை செய்யப் புறப்பட்டார்கள். பொம்மை ஒரு தகர நண்டு. அதிலிருந்து நீளும் ஒயரின் மறுமுனையில் ஒரு ரப்பர் பந்து. பந்தை அமுக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறங்கி ஸ்விட்சைத் தொடும், மோட்டார் சுற்றும், நண்டு பக்கவாட்டில் நடக்கும். உடம்பும் கால்களும் செல்வின் வேலை. பந்தும் ஸ்பிரிங்கும் பேச்சிமுத்து. மின்சாரம் முழுக்க நூரியா.

நண்டு பிரிஸ்காவுக்காக. ஆறு வயது, மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வலது கை மூடுவதில்லை. பயிற்சி மையத்தில் கையை மடக்கச் சொன்னால் அழுவாள். மடக்காமலே விட்டால் அந்தக் கை அப்படியே நின்றுவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நண்டு அவளை அமுக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

முதல் சனிக்கிழமை மையத்துக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை பந்தைப் பிடித்தாள், முக்கி முக்கி அமுக்கினாள். நண்டு அசையவில்லை. ஏன் அசையும்? ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பதை நம் பேச்சிமுத்து விடுதி அறையில் தன் கையாலேயே அமுக்கிப் பார்த்து முடிவு செய்திருந்தான். கபடி ஆடுகிற கை அது. அளந்து பார்க்கிற புத்தி அன்றைக்கு லீவு போட்டிருந்தது போலும்.

பிரிஸ்கா பந்தைக் கீழே வைத்தாள். "எனக்கு வராது" என்றாள்.

நண்டின் பேட்டரிப் பெட்டி செல்வின் மடியில் இருந்தது. மோட்டாரைச் சோதிப்பதற்காக நூரியா வைத்த சின்ன ஸ்விட்ச் ஒன்று அதன் ஓரத்தில் இருந்தது. கழற்ற மறந்துவிட்டாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், "இன்னொரு தடவை அமுக்கு பாப்பா" என்று சொல்லிவிட்டுச் செல்வின் அதைத் தட்டினான். நண்டு விறுவிறுவென்று நடந்தது. பிரிஸ்கா மறுபடி அமுக்கினாள். அவன் மறுபடி தட்டினான். அடுத்த சனிக்கிழமையும் இதே கூத்து.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நூரியா பிடித்துக்கொண்டாள். "சின்னப் பிள்ளைய ஏமாத்துறோம். அவ கை அப்படியேதான் இருக்கு. அவகிட்ட உண்மையச் சொல்லணும்."

"சொன்னா பந்தத் தொடவே மாட்டா" என்றான் செல்வின்.

தப்பு எங்கே என்று பேச்சிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. டாக்டரம்மாவிடம் போய்ப் பிள்ளையின் கைக்கு எவ்வளவு பலம் என்று கேட்டு, மெல்லிய கம்பியில் புது ஸ்பிரிங் சுற்றினான்.

மூன்றாவது சனிக்கிழமை. இவர்கள் நுழைந்ததுமே பிரிஸ்கா செல்வினைக் கூப்பிட்டாள். "அண்ணே, இன்னைக்கு நீங்க எனக்கு எதிர்ல உக்காருங்க. கைய மடியில வைக்காதீங்க, தரையில வைங்க." பிள்ளைக்கு நம் மேல் பிரியம் என்று அவன் பூரித்துப்போய் உட்கார்ந்தான்.

நூரியா அவள் பக்கத்தில் போய், இரண்டு வாரமும் நண்டை நடத்தியது தாங்கள்தான் என்றும், இப்போது அந்த ஸ்விட்சையே கழற்றியாகிவிட்டது என்றும் சொன்னாள். பிரிஸ்கா "சரி அக்கா" என்றாள். அழவில்லை. பந்தை எடுத்தாள். முதல் தடவை ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை நண்டு கொஞ்ச தூரம் நடந்து நின்றது. அவள் அம்மா ரோஸ்லின் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

அதன் பிறகு பேச்சிமுத்து வாரா வாரம் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே வந்தான். கல்லூரியில் தேர்வாளர் முன்னால் நண்டைக் காட்டிய நாளில், அந்தப் பழைய கபடிக்கார ஸ்பிரிங்கையே பிரிஸ்கா அமுக்கி நண்டை மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓட்டினாள்.

நண்டு அவளுக்கே என்று ஆயிற்று. ரோஸ்லின் மூவரையும் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும் பிள்ளைகளா. இது முதுகுல உங்க பேர அவ எழுதட்டும், அந்தக் கையாலயே. ஒரு பேருக்கு மேல கை தாங்காது. யாரு பேருன்னு சொல்லுங்க."

செல்வின், "பேச்சிமுத்து பேர எழுது. அவன் ஸ்பிரிங் இல்லன்னா ஒண்ணுமில்ல" என்றான். பேச்சிமுத்து, "நூரியா பேருதான். அவதான் எங்களப் பொய்யில இருந்து இழுத்துட்டு வந்தா" என்றான். நூரியாவோ, "நான் சொன்னதுல பாதி கோவம். செல்வின் பேர எழுது" என்றாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பொய்யால் நண்டை நடத்தியவன், தன் பிழையைத் திருத்தியவன், உண்மையைச் சொன்னவள். இந்த மூவரில் யார் பெயர் அந்த முதுகில் வர வேண்டும்?

*

விடை: மூவரில் சரியாக நடந்தவள் நூரியா, சந்தேகமே இல்லை. பேச்சிமுத்து தன் கடமையை முழுசாகச் செய்தான். ஆனால் நன்றி யாருக்கு என்று பிள்ளைக்குத்தான் தெரியும். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணல் கோணலாக, 'செல்வின்' என்று எழுதினாள். அவன் கூசிப்போய், "நான் உன்ன ஏமாத்தினவன்ல பாப்பா" என்றான். "தெரியும் அண்ணே. ரெண்டாவது வாரமே பாத்துட்டேன். அதான் கையத் தரையில வைக்கச் சொன்னேன்" என்றாள் பிரிஸ்கா. "ஆனா மொத நாளு நண்டு நடக்கலன்னா நான் திரும்ப வந்திருக்கவே மாட்டேன்." இப்படிச் சொல்லிவிட்டு, வலிக்கிற கையை இடது கையால் தேய்த்துக்கொண்டாள்.