கத்தாழைத் தலையின் இன்னொரு கல்

மீன் வாடை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிற ஆள் இயக்குநர் வைத்தியலிங்கம். ஆய்வுக்கூடத்துக்குள் யாரும் மீன் கொண்டுவரக் கூடாதென்று சட்டமே போட்டிருந்தார். ஆராய்ச்சி மாணவி பவுலின் மட்டும் கத்தாழை மீன் குழம்பை ஒளித்துக் கொண்டுவருவாள்.

அன்று மதியம் விருந்தினர்கள் வந்திருந்தார்கள். பாறையில் புதைந்து கிடைத்த காதுக்கற்கள், அதாவது மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கற்கள், தட்டில் இருந்தன. அவற்றை வைத்துத்தான் அழிந்துபோன மீன் இனங்களை அடையாளம் காண்பார்கள். வெள்ளையாக மினுங்கிய ஒன்றை வைத்தியலிங்கம் பொறுக்கி எடுத்தார்.

"பல லட்சம் வருஷத்துக்கு முன்னால அழிஞ்ச புது இனம்! என் பேரையே வைக்கப்போறேன். ஏம்மா, மீனுக்கு ரெண்டு காதாச்சே, இதோட ஜோடிக் கல் எங்கே? இப்பவே கொண்டா, இல்லேன்னா உன் ஆராய்ச்சி அவ்வளவுதான்!"

பவுலின் போய்த் தன் டிபன் பாக்ஸை எடுத்துவந்தாள். உள்ளே யாரோ பாதி பிய்த்துத் தின்றிருந்த மீன் தலை. மிச்சப் பாதியைப் பிட்டு, ஒரு கல்லை எடுத்துக் கழுவி, பக்கத்தில் வைத்தாள். அச்சு அசல் ஜோடி.

"கிடைச்சிருச்சு சார். மறுபாதியைத் தின்னவர் பேரை வைக்கிறதுதான் நியாயம்."

காலையில் அந்த டிபன் பாக்ஸைத் திருட்டுத்தனமாகத் திறந்து தின்றபோது காலடிச் சத்தம் கேட்டுப் பதறி, பல்லில் நறுக்கென்று மாட்டியதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கல் தட்டுப் பக்கம் துப்பியது வைத்தியலிங்கத்துக்கு அப்போதுதான் நினைவு வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். தலைகுனிந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். விரலில் இன்னும் குழம்பு மணந்தது.