ராகிக் குழி

தேன்கனிக்கோட்டைக்கு மேற்கே ஒரு கரட்டுக் குன்றின் அடியில் நஞ்சுண்டர் என்ற துறவியின் மடம் இருந்தது. அவருடைய சீடர் மாதப்பர் அவரைவிட மூத்தவர். மகள்களைக் கட்டிக்கொடுத்து, நிலத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு மடத்துக்கு வந்தவர்.

வந்த புதிதில் தியானத்தில் கண்டதையெல்லாம் ஆசையாகச் சொல்வார். போகப்போக அந்தப் பேச்சு நின்றது. ஒருநாள் காலை தன் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை, சாமி. அடங்கிவிட்டேனா, செத்துவிட்டேனா என்றே தெரியவில்லை. ஊருக்குப் போகிறேன்."

நஞ்சுண்டர் தடுக்கவில்லை. ஊரார் குழி திறக்க வருகிறார்கள், இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.

மடத்துக்குப் பின்னால் ஊரின் ராகிக் குழி இருந்தது. வாய் குறுகி வயிறு பெருத்த பானையைப் போல இறுகிய மண்ணில் வெட்டியது. சுற்றிலும் வைக்கோல் கொடுத்து ராகியைக் கொட்டி, பலகைக்கல்லால் மூடி, காற்றுப் புகாமல் மண் பூசியிருந்தார்கள். அதன் பிறகு இரண்டு வருடம் மழை இல்லை. வீட்டில் இருந்த விதையைக்கூடச் சமைத்துத் தின்றாயிற்று. குழியை மட்டும் விதைப்புக்கென்று தொடாமல் வைத்திருந்தார்கள். இப்போது மழை பெய்து மண் நனைந்திருந்தது. குழிக்குள் இருந்தது உளுத்துப் போயிருந்தால் விதைக்க ஒரு பிடி கிடையாது.

பூச்சை உடைத்துக் கல்லை நகர்த்தினார்கள். வெதுவெதுப்பான வாடை வந்தது. கெட்ட வாடையா நல்ல வாடையா என்று யாருக்கும் பிடிபடவில்லை.

பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் மாதப்பருக்கு. மற்றவர்கள் கூடையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் உள்ளே இறங்கிவிட்டார். தலை குழிக்குள் போனதும் கண் இருட்டியது, கை நழுவியது. புட்டம்மா என்ற குடியானவப் பெண் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கத்த, நான்கைந்து பேர் சேர்ந்து இழுத்துப் போட்டார்கள். வெகுநேரம் இரைத்துக்கொண்டு கிடந்தார். உள்ளே ஏதோ பேய் இருக்கிறது என்றுகூடச் சிலர் முணுமுணுத்தார்கள்.

நஞ்சுண்டர் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார். குழியின் கழுத்தைத் தாண்டியதும் சுடர் சிறுத்து அணைந்தது. மறுபடி ஏற்றி இறக்கினார். மறுபடியும் அணைந்தது. வேப்பங்கொத்தை உள்ளே விட்டு விசிறிக்கொண்டே இருக்கச் சொன்னார். வெயில் சாயும் நேரத்தில் சுடர் அடிவரை அணையாமல் போனது. பிறகுதான் புட்டம்மா இறங்கினாள்.

ஒரு பிடி ராகியை ஈரத் துணியில் முடிந்து வைத்தார்கள். அன்று ஊரில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் மாலை துணியைப் பிரித்தபோது, எறும்பின் முட்டையைவிடச் சிறிதாக வெள்ளை முளைகள். புட்டம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அடுத்த நாள் ஏர்கள் வயலுக்குப் போய்விட்டன.

மாதப்பர் மட்டும் குழியருகே உட்கார்ந்திருந்தார். நஞ்சுண்டர் வந்ததும் கேட்டார்.

"அடைக்கும்போது இதற்குள் காற்று இருந்தது. எறும்புகூட நுழைய வழியில்லை. பின்னே அந்தக் காற்றை யார் எடுத்தார்கள், சாமி?"

நஞ்சுண்டர் முளைவிட்ட ராகி ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இத்தனை நாள் உள்ளே அடங்கிக் கிடந்தவர்கள் மூச்சு விட வேண்டாமா, மாதப்பரே?"